ஒரு டிரைவை அணைத்தால் மற்ற பதினொன்றும் நிற்பது ஏன்?

கேள்வி: ராஜபாளையம் அருகே ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஈரப்பத நிலையத்தில் விசிறிகளுக்கும் பம்புகளுக்குமாக 12 டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) உள்ளன. எல்லாம் மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில், ஒரே வயரில், அவற்றுக்குக் கட்டளையிடும் சிறு கணினியான ஒரு பி.எல்.சி.யுடன் பேசுகின்றன. பெல்ட் மாற்றுவதற்காக ஒரு டிரைவின் மின்சாரத்தை நிறுத்தினால், சில விநாடிகளில் மற்ற 11 டிரைவ்களும் தொடர்பு அறுந்ததாகக் காட்டி டிரிப் ஆகி நின்றுவிடுகின்றன. பேனல் செய்துகொடுத்தவர், "இது பழைய முறை, 12 டிரைவ் தாங்காது, எல்லாவற்றையும் ஈதர்நெட்டுக்கு மாற்ற வேண்டும்" என்கிறார். பல லட்சம் ஆகும். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த விலைப்புள்ளியை மடித்து மேசை இழுப்பறையில் போடுங்கள்.

மோட்பஸ் 1979-இல் வந்தது. பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஓடும் ஆர்.எஸ். 485 வயரில் 32 கருவிகள் வரை இணைக்கலாம் என்பது அடிப்படை விதி. 12 டிரைவ் தாங்காது என்று சொல்கிறவர் ஒன்று விதியைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறார்.

நூல் நூற்கும் உங்கள் ரிங் ஃப்ரேமில் இழை ஒட்டுகிறவர் சுற்றிச் சுற்றி வருகிறார் அல்லவா? ஓரிடத்தில் நின்றுவிட்டால் மற்ற இடங்களில் அறுந்த இழை அப்படியே கிடக்கும். பி.எல்.சி.யும் அப்படித்தான். முதல் டிரைவிடம் கேட்கும், பதில் வாங்கும், பிறகே இரண்டாவதிடம் போகும். டிரைவ்கள் தாமாக வாய் திறப்பதில்லை. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு கேள்வியும் பதிலும் முடிய ஏறத்தாழ 40 மில்லிவிநாடி ஆகும். நிலவரத்தைப் படிக்க ஒருமுறை, வேகத்தை எழுத ஒருமுறை என்று வைத்தால் ஒரு டிரைவுக்கு 80. பன்னிரண்டையும் சுற்றி வர ஒரு விநாடி. ஈரப்பதம் மாற நிமிடக்கணக்கில் ஆகும் இடத்தில் இது தாராளம்.

இப்போது 5-ஆம் டிரைவை அணைக்கிறீர்கள். பி.எல்.சி. அதனிடம் கேட்டுவிட்டு ஒரு விநாடி காத்திருக்கிறது. பதில் இல்லை. மறுபடி கேட்கிறது, மூன்றாம் முறையும் கேட்கிறது. படிக்க மூன்று விநாடி, எழுத மூன்று விநாடி, ஆக ஆறு விநாடி இல்லாத ஆளோடு பேசியே போய்விடுகிறது. மற்ற டிரைவ்களில் "5 விநாடி யாரும் பேசாவிட்டால் டிரிப் ஆகு" என்று வைத்திருந்தால், அவை சொன்னபடி செய்கின்றன. உங்கள் ஆலையில் இந்த எண்கள் கொஞ்சம் வேறாக இருக்கலாம், நடப்பது இதுதான். வயரும் கெட்டுப்போகவில்லை, டிரைவும் கெட்டுப்போகவில்லை. பி.எல்.சி. புரோகிராமை எழுதியவர் ஒரு டிரைவ் என்றைக்காவது அணைக்கப்படும் என்று யோசிக்கவேயில்லை.

காத்திருப்பு நேரத்தை 200 மில்லிவிநாடியாகக் குறையுங்கள். மறுமுயற்சி ஒன்று போதும். அதற்கும் பதில் வராத டிரைவைச் சுற்றிலிருந்து விலக்கி, 30 விநாடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும்படி புரோகிராமில் எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

இங்கேதான் உங்களுக்குச் சிக்கல் வரும். பி.எல்.சி.யில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் மூளையைத் திறக்க, விற்றவரிடமே போய் நிற்க வேண்டும்! வீடு கட்டிக்கொடுத்த மேஸ்திரி சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு போவதை யாராவது பொறுப்பார்களா? இந்தத் தொழிலில் மட்டும் அது வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இதே கோளாறுக்கு முதலில் சிக்னலுக்கு வலுவூட்டும் ரிப்பீட்டர் விற்றார்கள், பிறகு விலை கூடிய கேபிள் விற்றார்கள். கடைசியில் புரோகிராமைத் திறந்து ஓர் எண்ணை மாற்றியதும் சரியாகிவிட்டது. ரிப்பீட்டர்கள் இன்னும் பேனலுக்குள் பச்சை விளக்கு எரிந்தபடி இருக்கின்றன. பாஸ்வேர்டையும் புரோகிராமின் மூலப் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்த பேனல் ஆர்டரில், இவை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவிடுங்கள்.

டிரைவிலுள்ள அந்த 5 விநாடியைப் பூஜ்யமாக்கினால் டிரிப்பே வராது என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். நாளை வயர் அறுந்தால் மோட்டார் கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், திரையில் நிறுத்தினாலும் நிற்காது. அவசர நிறுத்தம் எப்போதும் தனி வயரில்தான் வர வேண்டும், மோட்பஸில் அல்ல.

புரோகிராமைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வேகக் கட்டளையையும் ஓடு, நில் கட்டளைகளையும் எத்தனை முறை எழுதினாலும் பெரும்பாலும் தொல்லையில்லை. அவை டிரைவின் தற்காலிக நினைவகத்தில் போய் உட்காரும். ஆனால் வேகம் ஏறும் நேரம், இறங்கும் நேரம், உச்ச வேக வரம்பு போன்ற அமைப்பு எண்கள் வேறு சாதி. பல டிரைவ்களில் இவற்றை மோட்பஸ் வழியே எழுதினால், மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் சில்லில் பதிவாகும். அந்தச் சில்லுக்கு ஆயுள் உண்டு. ஒரே இடத்தில் 1 லட்சம் முறை எழுதலாம் என்பது பலவற்றுக்கும் சொல்லப்படும் கணக்கு. சுற்றுக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஒருமுறை எழுதினால் ஒரு நாளைக்கு 86,400. இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்குத் தீர்ந்துவிடும். சில்லு உடனே சாகாது. சில மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து, ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் நினைவகப் பிழை காட்டும். "வோல்டேஜ் சரியில்லை சார்" என்று புது டிரைவ் விற்பார்கள். அமைப்பு எண்ணை மதிப்பு மாறும்போது மட்டும் எழுதும்படி செய்யுங்கள். சில தயாரிப்புகளில் தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் எழுதத் தனி முகவரி உண்டு. கையேட்டில் கடைசிப் பக்கங்களில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளித்துவைத்திருப்பார்கள்.

மாற்றிய பிறகு, ஆலை ஓடாத நாளில் ஒவ்வொரு டிரைவாக அணைத்துப் பாருங்கள். மொத்தமும் விழாமல், மோட்டார்கள் ஓடும்போது மட்டும் அவ்வப்போது ஏதாவது ஒன்று தனியாக விழுந்தால், அப்போது வயரைச் சந்தேகப்படலாம். வயர் ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போக வேண்டும், கிளை பிரியக் கூடாது. மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுக்கவும் கூடாது. வேறு வேறு தயாரிப்பு டிரைவ்களைக் கலந்திருந்தால், மோட்பஸ் வயர் மாட்டும் இடத்திலுள்ள ஏ, பி என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒருவர் ஏ என்பதை இன்னொருவர் பி என்கிறார். இத்தனை வருடமாகியும் இவர்களால் இரண்டு எழுத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கூட்டல், கழித்தல் குறியைப் பாருங்கள்.

பிறகு பி.எல்.சி.யையும் எல்லா டிரைவ்களையும் அணைத்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய டிரைவின் மீது எழுதியிருக்கும் நேரம் முடிந்தபின், மோட்பஸின் இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் போட மறந்திருக்கிறார்கள். 40 காட்டினால் நடுவிலுள்ள ஏதோ ஒரு டிரைவில் ரெசிஸ்டர் சுவிட்ச் தவறுதலாக ‘ஆன்’ ஆகிக் கிடக்கிறது.