ரயன்ஏரைவிட விஸ் ஏர் மலிவாகத் தெரிவது ஏன்?

ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனங்களான இவ்விரண்டிலும் ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் பறக்கவைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, விஸ் ஏர் மலிவாக வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டல் சரி. பறக்கும் தூரத்தைச் சமன்செய்யாமல் ஒப்பிட்டதுதான் கோளாறு. விஸ் ஏரின் சராசரிப் பறப்பு ரயன்ஏரைவிட நீளம். விமான நிலையக் கட்டணம், தரைச் சேவைக் கூலி எல்லாம் ஒரு பறப்புக்கு ஒருமுறைதான் விழும். தூரம் கூடினால் கிலோமீட்டருக்கான பங்கு தானாகக் குறையும். சமன்செய்ய இப்படிச் செய்யுங்கள்:

1. எரிபொருளை முதலில் கழித்துவிடுங்கள். ஹெட்ஜிங் (எரிபொருள் விலையை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்வது) இருவருக்கும் வேறு.

2. ரயன்ஏர் தருவது பயணிக்கான செலவு. அதை இருக்கை நிரம்பல் விகிதத்தால் பெருக்கிவிட்டுத்தான் தூரத்தால் வகுக்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

3. நிறுவனத்தின் சராசரித் தூரத்தைப் பொதுத் தூரத்தால் (ஒப்பீட்டுக்காக இருவருக்கும் எடுத்துக்கொள்ளும் ஒரே தூரம்) வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் செலவைப் பெருக்குங்கள். 1,600 கி.மீ.யில் 2.50 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 1,200 கி.மீ. அளவில் அது 2.89.

வர்க்கமூலம் தோராயமான வழக்கம்தான்; இரண்டு மடங்குக்கு மேல் தூரம் வேறுபட்டால் நம்ப வேண்டாம். இன்னொன்று: ரயன்ஏர் தன் போயிங் 737 விமானங்களில் பெரும்பாலானவற்றைச் சொந்தமாக வைத்திருக்கிறது, விஸ் பெரிதும் குத்தகையை நம்புகிறது. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதிப்படி குத்தகை வட்டி இயக்கச் செலவில் வராமல் நிதிச் செலவில் போய் உட்காரும். அதையும் சேர்க்காவிட்டால் விஸ் மறுபடியும் மலிவாகவே தெரியும்.