நீர்த்தேக்கத்தில் தெரியும் மலையின் விம்பம் படத்தில் ஏன் அப்படியே வருவதில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்களில் விடியற்காலையில் மலையும் மரங்களும் தண்ணீரில் அப்படியே தெரிகின்றன, படம் எடுத்துப் பார்த்தால் அந்த விம்பம் ஒரு நாள் வெளிறிப் போகிறது, இன்னொரு நாள் இருண்டு போகிறது, இதற்கு விலை கூடிய கமரா வேண்டுமா? வேண்டியதில்லை. நான் டிக்கோயாவில் பிறந்தவன். தொழில் வேறாக இருந்தாலும், பன்னிரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் நீரையே படம் எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், நாம் நிற்கும் உயரத்தையும் வெளிச்சம் விழும் இடத்தையும் பொறுத்துத் தண்ணீர் வேறு வேறு மலையைக் காட்டுகிறது என்பதுதான். அந்த இரண்டையும் கவனித்துவிட்டால் சாதாரணக் கமராவே போதும்.

என்னுடைய முதல் படங்கள் எல்லாம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலாகச் செல்லும் வீதியில் நின்று எடுத்தவை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தை, 1878 இல் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தின் பக்கமாக நின்று பார்த்தால் மனம் நிறைந்துவிடும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அவற்றை அச்சிடக் கொண்டு போனபோது, அட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “தம்பி, ரோட்டுல நின்னா தண்ணிதான் தெரியும், கரையில போய்க் குந்திப் பாருங்க, தண்ணிக்குள்ள மலை தெரியும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைக்கு நடுவில் இருந்த குறுக்குப் பாதையால் இறங்கி, கரையில் குந்தி, கமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தேன். வீதியில் நின்றபோது தண்ணீரில் எதிர்க்கரை மரங்கள் மட்டுமே தெரிந்தன. இங்கே அந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த மலையின் உச்சி வரை முழுவதுமாக இறங்கி வந்திருந்தது. அவர் சொன்னதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

நீர்ப்பரப்புக்கு மேலே நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ, அதே அளவு நீர்ப்பரப்புக்குக் கீழே ஒரு கண் இருந்து அண்ணாந்து பார்த்தால் எது தெரியுமோ, அதுதான் விம்பமாகத் தெரிகிறது. பாடசாலையில் ஒளித்தெறிப்புப் பாடத்தில் படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று படித்ததன் நேரடி விளைவு இது. வீதி நீர்மட்டத்துக்கு 30 மீற்றர் மேலே இருந்தால், விம்பம் 30 மீற்றர் கீழே இருந்து பார்த்த காட்சியாகிறது. அவ்வளவு தாழ்விலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அருகிலுள்ள எதிர்க்கரை மரங்கள் ஓங்கி நின்று பின்னால் உள்ள மலையை மறைத்துவிடும். கமராவை நீரோடு ஒட்டிக் கொண்டுவரும்போது இரண்டு கண்களும் ஏறத்தாழ ஓரிடத்துக்கு வந்துவிடுகின்றன, மேலே உள்ள காட்சியும் கீழே உள்ள காட்சியும் ஒத்துப் போகின்றன. சில வேளைகளில் அந்த வேறுபாட்டையே நான் விரும்பித் தேடுவதும் உண்டு: ஓடைக்குக் குறுக்கே போட்ட சிறிய பாலத்தின் மேல் தளம் நேரே தெரிய, அதன் அடிப்பக்கம் தண்ணீரில் தெரியும் படம், கண்ணாடி போன்ற சமச்சீரான படத்தைவிட எனக்குப் பிடிக்கும்.

தாழ்ந்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேர் கீழே குனிந்து பார்க்கும்போது தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் 100 இல் 2 பங்கை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. 45 பாகைச் சரிவில் பார்த்தாலும் 3 பங்கைத் தாண்டுவதில்லை. பார்வை நீர்ப்பரப்போடு 10 பாகை மட்டுமே சரிந்திருக்கும்போது அது ஏறத்தாழ 35 பங்காகவும், 5 பாகையில் 60 பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் உயர்கிறது. ஆகவே தூரத்து மலையின் விம்பம் பிரகாசமாகவும், தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் விம்பம் மங்கலாகவும் இருப்பது இயல்பு. கேள்வி கேட்டவர் சொன்ன இருண்டு போதலுக்கும் இதுவே காரணம். நல்ல விம்பம்கூட உண்மைப் பொருளைவிட ஒன்று அல்லது இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது) இருண்டதாகவே இருக்கும். நம் கண் அதைச் சரிசெய்துகொள்கிறது, கமரா சரிசெய்வதில்லை. வானத்துக்கு ஒளியை அளந்து எடுத்தால் தண்ணீர் கறுத்துவிடும், தண்ணீருக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். நான் வானத்தின் பிரகாசமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்கு அளந்து, ரோ கோப்பாக (கமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பாக) எடுத்து, தண்ணீர்ப் பகுதியைப் பின்னர் கணினியில் சற்றே உயர்த்துகிறேன். மேற்பாதி மட்டும் கறுத்த பில்டர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். எப்படிச் செய்தாலும் விம்பத்தை மலையைவிட ஒரு படி இருட்டாகவே விட்டுவிடுங்கள். இரண்டையும் சமமாக்கிய படம், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே பொய்யாகத் தோன்றும்.

வெளிறிப் போவதன் காரணம் வேறு, அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். தண்ணீரிலிருந்து கமராவுக்கு வரும் ஒளி, தெறித்து வருவது மட்டுமல்ல. தண்ணீருக்குள் புகுந்து, அதில் மிதக்கும் மண்ணிலும் அடித்தரையிலும் பட்டுச் சிதறி மேலே வரும் ஒளியும் அதனோடு கலந்திருக்கிறது. நீரின்மேல் நேரடியாக வெயில் விழும்போது இந்தச் சிதறல் கூடி, விம்பத்தின் மேல் பால் ஊற்றியது போல் ஒரு வெளிறல் படிகிறது. நீர் நிழலில் கிடக்க, மலைமேல் மட்டும் வெயில் படும் வேளையில் அந்தச் சிதறல் இல்லாமற் போய், கறுத்த நீரில் பொன்னிற மலை துலங்கி நிற்கும். பள்ளத்தாக்குகள் நிறைந்த நம் மலைநாட்டில் இந்த வேளை ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. வேறிடத்தவருக்கு இது எளிதில் வாய்க்காது. மஸ்கெலியாப் பக்கம் மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் நின்றால், 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலை மேற்கே இருக்கிறது. சூரியன் நம் முதுகுப் பக்கத்திலிருந்து எழுகிறது. முதல் வெளிச்சம் கூம்பின் உச்சியைத் தொட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நீர்ப்பரப்பு அதுவரை நிழலிலேயே கிடக்கும். அந்த இடைவெளி சில நாட்களில் பத்து நிமிடம், சில நாட்களில் அரை மணி நேரம் நீடிக்கும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாலையில் அதே இடத்தில் மலை கறுத்த உருவாக மட்டும் தெரியும், அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம். கடும் மழை பெய்த மறுநாள் போவதில் பயனில்லை. மலைச்சரிவு மண்ணெல்லாம் கரைந்து வந்து தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும், அதில் விம்பம் எடுபடாது.

பருவகாலம் பற்றியும் ஒரு சிக்கல் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையால்தான் இந்த நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. வானம் தெளிந்த, காற்றில்லாத காலை வேளைகளோ ஜனவரியிலிருந்து மார்ச் வரையில்தான் அதிகம் கிடைக்கின்றன. மார்ச் மாதம் வரும்போது மின்சாரத்துக்காக நீரை இறக்கி, மட்டம் தாழ்ந்து, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் செடி கொடி இல்லாத வெறும் மண் பட்டை ஒன்று தோன்றிவிடும். அது மலைக்கும் விம்பத்துக்கும் குறுக்கே ஒரு வெட்டுப் போல விழுந்து படத்தை இரண்டாக்கிவிடும். அதனால் நீர் இன்னும் உயர்ந்திருக்க, பனிக்காலத் தெளிவும் தொடங்கிவிட்ட ஜனவரி முற்பகுதியைத்தான் நான் காத்திருந்து பயன்படுத்துகிறேன். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலமும் அதுதான் என்பதால், விடிவதற்கு முன் சென்றால் மலைப்பாதை விளக்குகள் சரம் கோத்தாற்போல் தெரியும்.

மண் பட்டை வெளிப்படுவதை நான் குறையாகச் சொன்னாலும், மவுசாகலையில் அதைப் பார்க்கும்போது படம் எடுப்பதை மறந்து நின்றிருக்கிறேன். 1969 இல் அந்த நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. மட்டம் மிகவும் தாழ்ந்த வரட்சிக் காலங்களில் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே வருகின்றன, வயதானவர்கள் வந்து நின்று தங்கள் வீடு இருந்த திசையைக் கைநீட்டிக் காட்டுகிறார்கள். அவ்வேளையில் முழு மலையைத் தேடாமல், எஞ்சிய தூண்களையும் சுவர்களையும் சுற்றித் தேங்கி நிற்கும் குட்டை நீரில் அவற்றின் விம்பத்தை எடுங்கள். சேறு ஆழமாக இருக்கும் என்பதால் தடி ஊன்றி, ஊர்க்காரர் ஒருவரோடு போவது நல்லது.

காற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறத் தொடங்கும், அதோடு நீர்ப்பரப்பில் சுருக்கம் விழுந்துவிடும்; எட்டு மணிக்குப் பின் நான் முக்காலியை மடித்துவிடுவேன். ஆளுநர் கிரகரி காலத்தில் 1873 இல் அமைந்த நுவரெலியா கிரகரி வாவியில் படகுகள் ஓடத் தொடங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. சிற்றலை இருந்தால் விம்பம் நம்மை நோக்கி நீளவாக்கில் இழுபட்டுத் தெரியும். விளக்கின் ஒளி தண்ணீரில் தூண் போல் நிற்பது இதனால்தான். பத்து ஸ்டொப் கறுப்பு பில்டர் போட்டால் 1/15 விநாடித் திறப்பு நேரம் ஒரு நிமிடத்துக்கு மேலாக நீண்டு, அலைகள் எல்லாம் சராசரியாகி மென்மையாகிவிடும், ஆனால் இழுபட்ட விம்பம் கூர்மையாகத் திரும்பி வராது. அசைவற்ற நீருக்கு அது மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போலரைசர் பில்டர் (ஒளியை அது அதிரும் திசை பார்த்து வடிகட்டும், திருப்பி வைக்கக்கூடிய பில்டர்) வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது அது தெறிப்பை முற்றாக நீக்கவல்லது, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரியும். விம்பம் வேண்டுமென்று போய் அதைத் தவறான பக்கம் திருப்பி வைத்து, மலையையே தண்ணீரிலிருந்து அழித்துவிட்டு வீடு திரும்பிய காலையும் எனக்கு உண்டு. அதே பில்டரை கால் வட்டம் திருப்பினால் சிதறல் ஒளி பாதியாகி விம்பம் முன்னைவிடத் தூக்கலாகத் தெரியும். மழையில் நனைந்த தேயிலைச் சரிவுக்கு அது மிகவும் உதவும்: ஒவ்வொரு இலையிலும் தெறிக்கும் வெள்ளை வானத்தை எடுத்துவிட்டால்தான் கொழுந்தின் பச்சை வெளிவரும். குவியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விம்பம் நீரின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதில்லை. மலை எவ்வளவு தூரமோ விம்பமும் அவ்வளவு தூரம். மிதக்கும் சருகில் குவியம் வைத்தால் மலை கலங்கிவிடும், ஆகவே மலையிலேயே வையுங்கள்.

தோட்டப் பக்கத்தில் நீர் என்றால் பீலிக்கரையும் அடங்கும், விழும் நீரில் காலை வெயில் பட்டுத் தெறிப்பதைப் போல் அழகு வேறில்லை. ஆனால் அது நம் அம்மாமாரும் அக்காமாரும் குளிக்கும், துவைக்கும் இடம். யாருமில்லாத நேரத்தில் போங்கள்; ஆள் இருந்தால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுத்துப் போகும் வெளியூர்க்காரர்களை நாம் எவ்வளவு கண்டிருக்கிறோம்; நாமும் அதைச் செய்யக் கூடாது.

கைப்பேசி மட்டும் இருந்தால், நீர்த்தேக்கத்தை விட்டுவிட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் தேங்கிய மழைநீரிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரல்கிடை உயரத்துக்கு வந்துவிடும், நான் மேலே சொன்ன தாழ்ந்த பார்வை செலவில்லாமல் கிடைக்கும். குளிரில் லென்ஸில் ஆவி படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடையுங்கள். திரையில் பிரகாசமான வானத்தைத் தொட்டு ஒளியளவைப் பூட்டிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள தேக்கத்திலேயே லயத்துக் கூரையும் அதன் பின்னால் உள்ள மலையும் அடங்கும். மழை விட்டு, மேகம் விலகி, மலையில் வெயில் பட்டு, வாசல் இன்னும் நிழலில் இருக்கும்போது வெளியே வாருங்கள். கோழிகளும் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரை மிதிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.