பறவைத் தீனிப்பெட்டி வாங்கலாமா?

கேள்வி: செங்கோட்டையில் சிறிய தோட்டத்துடன் கூடிய வீட்டில் இருக்கிறோம். குளிர்காலத்தில் பறவைகளை வரவழைக்கும் என்ற விளம்பரத்துடன் ஒரு தொகுப்பு இணையத்தில் விற்பனைக்கு உள்ளது. குழாய் வடிவத் தீனிப்பெட்டி, சூரியகாந்தி விதை, கொழுப்புக்கட்டி, சிவப்பு நிறச் சர்க்கரைநீர்க் குடுவை ஆகியவை சேர்த்து 1,800 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பனி மூடும் நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட தொகுப்பு அது. தரை உறைந்து பகல் சுருங்கிவிடும் மாதங்களில், அங்குள்ள சிறு பறவைகள் நீண்ட இரவைத் தாக்குப்பிடிக்கக் கொழுப்பும் எண்ணெய் வித்துகளும் உதவுகின்றன. நமக்கோ மார்கழியும் தையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பூச்சியும் தானியமும் மலிந்திருக்கும் காலம். கொழுப்புக்கட்டி நம் பகல் வெயிலில் உருகி, பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும். சிவப்புக் குடுவை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங் பறவைகளுக்கானது. நம் தேன்சிட்டுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும்.

குளிர்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவி, வாலாட்டி, அரசவால் ஈபிடிப்பான் ஆகியவை பூச்சி தின்பவை. விதை வைத்து அவற்றை அழைக்க முடியாது. மாமரத்தடிச் சருகைப் பெருக்காமல், பூச்சிமருந்து தெளிக்காமல் விட்டுவைத்தால், ஆறுமணிக்குருவி தன் குட்டை வாலை ஆட்டியபடி தத்தித் தத்தி நடந்து, அலகால் இலைகளைப் புரட்டிப் புழு தேடுவதைச் சன்னலோரம் நின்றே பார்க்கலாம்.

செலவழித்தே ஆகவேண்டுமென்றால், பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஓரடி அகலமுள்ள மண்தட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம்; நடுவில் ஒரு கல்லை வைத்து, பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள். கொசு பெருகாதிருக்க, தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுவது கட்டாயம். மாசி பிறந்து வெயில் ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் கொஞ்சம் கம்போ தினையோ போதும். அதை மளிகைக்கடையில் வாங்குங்கள். விதைக்கடையில் விற்கும் விதைப்புத் தானியத்தில் பூஞ்சைக்கொல்லி கலந்து சாயம் ஏற்றியிருப்பார்கள்; அது பறவைக்கு நஞ்சு. பூசண வாடை அடிக்கும் தானியத்தையும் ஒதுக்குங்கள். மிச்சம் கிடந்து அழுகினால் நோய் பரவும் என்பதால், அன்றன்றைக்குத் தீரும் அளவே வைக்க வேண்டும்.

தொகுப்பை ஏற்கெனவே வாங்கி, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். வாங்கவில்லையென்றால் அந்தப் பணத்தை 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மி.மீ. முகப்பு வில்லையுள்ள) பைனாகுலருக்குச் சேர்த்து வையுங்கள் என்பதே என் விருப்பம். 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் தோட்டமும் இடம்பெறட்டும்.

கேள்வி: மூணாறு தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கிறோம். இங்கே சனவரியில் உறைபனி விழுகிறது. எங்களுக்காவது கொழுப்புக்கட்டி பயன்படுமா?

பதில்: பயன்படாது. உறைபனி விடியற்காலையோடு நின்றுவிடும். வெயில் பட்டதும் பூச்சிகள் கிளம்பிவிடும். உங்கள் பகுதியில் கவலை வேறு. வெளியே வைக்கும் தீனிக்குக் குரங்கும் காட்டுப்பன்றியும் வந்து பழகிவிடும். அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023-இல் மூணாறு அருகேயுள்ள சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோக நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். தானியம் வைக்கவே வேண்டாம். தண்ணீர்த் தட்டு மட்டும் போதும், அதையும் இரவில் கவிழ்த்துவிடுங்கள்.