ம்யூனிக்கில் ராகி களி உருண்டை பிடிக்க வரலையா? மாவைப் பாருங்க

அங்க வாங்கின உங்க பாக்கெட் முளைகட்டின ராகி மாவா இருக்கலாம். நம்ம தருமபுரி பக்கம் பாலக்கோட்டு மில்லுல அரைச்ச சாதா மாவு மாதிரி இது இறுகாது, தண்ணி எவ்வளவு குறைச்சாலும் கொழகொழன்னுதான் நிக்கும். பாக்கெட்டுல 'ஸ்ப்ரவுட்டட்' (முளைகட்டினது), 'மால்ட்' (முளைகட்டிக் காய வச்சது), 'கெகைம்ட்' (gekeimt, ஜெர்மன்ல முளைகட்டினது) இதுல ஏதாவது இருக்கா பாருங்க.

முளைக்கும்போது தானியத்துல அமிலேஸ்ங்கிற நொதி உருவாகும். 60-70 டிகிரி சூட்டுல அது மாவுச்சத்தை உடைச்சு சர்க்கரையாக்கிடும். பியருக்கு பார்லி மால்ட்டை ஊறவைக்கிறதும் இதே சூட்டுலதான், இதே வேலைக்குத்தான். உங்க ஊர்க்காரங்களுக்கு அது லாபம், களிக்கு நஷ்டம்.

சோதிக்க: 2 ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணில கரைச்சு, கொதிக்க விடாம கை பொறுக்காத சூட்டுல (அதே 60-70 டிகிரி) 15 நிமிஷம் வச்சுட்டு, அப்புறம் கொதிக்க விடுங்க. கூழ் மாதிரி கெட்டியானா சாதா மாவு. தண்ணியா, லேசா இனிச்சா முளைகட்டினது. அதை வீசாதீங்க, கஞ்சிக்கு நல்லா இருக்கும்.

சாதா மாவு கிடைச்சதும்:
1. 2 கப் தண்ணி, உப்பு, ஒரு ஸ்பூன் மாவு கரைசல். தளதளன்னு கொதிக்கணும்.
2. 1 கப் மாவை நடுவுல குவிச்சுக் கொட்டுங்க. கிண்டக் கூடாது. நடுவுல துடுப்புக் காம்பால ஒரு குழி, சிறு தீயில 5 நிமிஷம்.
3. இறக்கி, பாத்திரத்தை அழுத்திப் பிடிச்சு ஒரே மூச்சா கிண்டி, மூடி 3 நிமிஷம் மறுபடி சிறு தீ. ஈரக் கையால உருட்டுங்க.

முதல்லயே கிண்டினாதான் கட்டி தட்டும்.

ஒண்ணு: நல்லா வறுத்த முளைமாவுல அமிலேஸ் செத்திருக்கும், சோதனையில கெட்டியாகும். அப்படின்னா தப்பு மாவுல இல்ல, தண்ணி அளவுல.