பீரோவில் கிடைத்த யாஷிகாவில் முதல் ரோல்

கேள்வி: தாத்தாவின் யாஷிகா மேட்-124ஜி கேமரா பீரோவில் கிடைத்தது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. இதில் படம் எடுக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாக எடுக்கலாம், ஆனால் உடனே ஃபிலிம் வாங்க ஓடாதீர்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 1 நொடியில் வைத்து, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை (கிராங்க்) சுற்றிவிட்டு ஷட்டர் பட்டனை அழுத்திப் பாருங்கள். லென்ஸ் திறந்து ஒரு நொடியில் மூட வேண்டும். திணறினால் உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கும், சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், பழைய ஷட்டரில் அது சிக்கிக்கொண்டால் பெரிய தலைவலி. கதவோரத்துக் கறுப்பு ஃபோம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் உள்ளே கசியும்.

மீட்டர் போனால் போகட்டும். அதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை, போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போதும். ஐஎஸ்ஓ 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வாங்குங்கள். நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் 1/500 நொடி. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகவே, அதாவது இருமடங்கு வெளிச்சம் கொடுங்கள், நெகட்டிவ் தாங்கும்.

சரி, ஃபிலிம் போடுவதுதான் முக்கியம். இது 120 ரோல், டப்பா கிடையாது, கறுப்புக் காகிதம்தான் பாதுகாப்பு. கீழே இருக்கும் காலி ஸ்பூலை (ஃபிலிம் சுற்றும் உருளை) மேலே மாற்றி, புது ரோலைக் கீழே வைத்து, காகித நுனியை மேல் ஸ்பூலின் பிளவில் நேராகச் செருகி, கீழ் ரோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடியே கிராங்கைச் சுற்றுங்கள். காகிதத்தில் உள்ள அம்புக்குறி கேமராவின் குறிக்கு நேரே வந்ததும் நிறுத்திக் கதவை மூடி, தானாக நிற்கும்வரை சுற்றினால் பட எண் 1 வரும். பின்கதவில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு (பிரஷர் பிளேட்) 120-க்கான நிலையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். என் முதல் ரோலை நான் விரலால் பிடிக்காமல் தளர்வாகச் சுற்றிவிட்டேன், பன்னிரண்டு படத்திலும் ஓரமெல்லாம் வெளுத்துப்போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால் காலாவதியான ரோல் ஒன்றை வாங்கி, கைக்குப் பழகும்வரை போட்டுப் போட்டு எடுங்கள்.

மேலிருந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், நடந்துபோகிறவரைப் பின்தொடர்ந்தால் கை எதிர்ப்பக்கம் போகும். முதலில் அசையாத பொருளை எடுங்கள். ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது.

பன்னிரண்டும் முடிந்ததும் கடைசிவரை சுற்றி, நிழலில் நின்று கதவைத் திறந்து, ரோல் தளராமல் பிடித்து, பசைக் காகிதத்தை நனைத்து ஒட்டுங்கள். காலி ஸ்பூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ரோலுக்கு அதுதான் வேண்டும். அப்புறம் ஃபிலிம் கழுவும் லேபில் ஸ்கேனோடு நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள்.