துடுப்புப் போடத் தெரியாதவர் ஏறலாமா?

கேள்வி: கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தின் டேவி குரோக்கெட் கனோ படகு நிஜமாகவே நம் கைபலத்தில்தான் ஓடுகிறதா? துடுப்பே பிடிக்காதவர்கள் ஏறலாமா?

பதில்: ஆமாம், மோட்டாரும் இல்லை, தண்ணீருக்கடியில் தண்டவாளமும் இல்லை. 1956-இல் வேறு பெயரில் தொடங்கியது. 1971-இல்தான் இப்போதைய பெயர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என வழிகாட்டிகள் இருப்பார்கள். பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார். தாராளமாக ஏறுங்கள்.

ஒரு கை துடுப்பின் உச்சியில், மறு கை அலகுக்கு (துடுப்பின் அடியில் உள்ள தட்டையான பகுதி) சற்று மேலே. லேசாக முன்னால் சாய்ந்து, அலகு முழுவதும் மூழ்கும்படி படகை ஒட்டிச் செங்குத்தாக இறக்குங்கள். இடுப்பு வரை இழுத்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு நகராது; வாரிய தண்ணீர் பின்னால் இருப்பவர் மடியில்தான் விழும்.

பலத்தைவிடத் தாளம் முக்கியம். முன்னால் இருப்பவரின் தோளைப் பார்த்தே போடுங்கள். தாளம் தப்பினால் துடுப்புகள் 'டக்'கென்று மோதும். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது ஆபத்து. எழுந்து நிற்கவே கூடாது.

இருட்டுவதற்குள் நிறுத்திவிடுவார்கள், பகலிலேயே போய்விடுங்கள். எல்லா நாளும் ஓடாது; அன்றைய நேரப்பட்டியலைக் காலையிலேயே பாருங்கள்.