நால்வருக்கும் ஒரே புத்தகம் வேண்டுமா?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் போர்க்கதைகள் பிடிக்கும். அம்மாவுக்குக் காதல், குடும்பம்; தம்பிக்கு மர்மக் கதை; எனக்குத் தன்வரலாறு. எல்லோரும் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் அக்கா. – ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஒரே புத்தகத்தை நால்வர் கையிலும் திணித்தால் மூவர் பாதியில் மூடிவிடுவார்கள். ஆளுக்கொன்றாகத் தொடங்குங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பிக்குச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானமா என்ற கேள்வி அவனைத் தூங்க விடாது. அம்மாவுக்குச் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று': நெடுந்தீவுக் கரை, மீனவர்கள், காதல், பகை. 1978இல் படமாகவும் வந்தது.

அப்பாவுக்கு நான் ஆசையோடு சொல்வது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் உங்கள் துறைமுகத்தில் குண்டு வீசின அல்லவா? அதே போரை இந்தோனேசியாவின் மெடானிலும் மலாயாவின் பினாங்கிலும் வாழ்ந்த தமிழர்களின் கண்ணால் பார்க்கிற நாவல் இது. தொடக்கத்தில் ஊர்ப்பெயர்களும் மலாய்ச் சொற்களும் பழைய நினைவுகளும் கலந்து வந்து தடுமாற வைக்கும். அங்கே கீழே வைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தோணி புயலில் சிக்கும் பக்கங்களை, கடலோடு பழகிய அவர் என்னைவிட நன்றாக உணர்வார். தமிழில் அப்படியொரு கடலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உங்களுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பருமனைக் கண்டு தயங்கினால், 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைத் தேடிச் சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிடுவதும், விளங்காதவற்றைச் சமணர்களிடம் கேட்டுத் தெளிவதும் துப்பறியும் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல. நம் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும் அதே நூலைப் பதிப்பிக்க விரும்பி வரும்போது, ஏட்டைக் கொடுத்துவிடுவாரோ என்று நமக்கே பதறுகிறது. தம்பிக்கு அடுத்ததாக இதைக் கொடுத்துப் பாருங்கள்.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் மறைந்த பிறகு வந்தது. தன்வரலாறு விரும்பும் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆனால் போரில் உறவுகளை இழந்த வீடென்றால், அதை மற்றவர்கள் கையில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவரவர் மனம் ஆயத்தமானபோது எடுத்துக்கொள்ளட்டும்.

சேர்ந்து படிக்கவும் ஒன்று வேண்டும்தான். அதற்கு நாவல் தேவையில்லை. மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். சொந்தத் தோணிக்காக ஏங்கும் ஓர் இளைஞனின் கதை. உங்கள் குடாவின் மறுகரையில் பிறந்தது. அவருடைய 'இலக்கிய நினைவுகள்' உங்களுக்கே பிடித்த வகை. கடையில் கிடைக்காவிட்டால், ஈழத்து நூல்களை இலவசமாகத் தரும் 'நூலகம்' இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.